ரிஃபைனரி ஃபுல் கெபாசிட்டியில ஓடுது... அப்புறம் ஏன் லாபம் காணாம போச்சு?



சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தேன். குற்றாலத்துல நல்ல சாரல். மெயின் அருவியில குளிச்சுட்டு, தலையைத் துவட்டிக்கிட்டே வெளிய வர்றப்ப சித்தி பையன் மெல்ல ஆரம்பிச்சான். சென்னையில ஐடி வேலை, சேர்ந்து மூணு வருஷம் ஆகுது.

"அண்ணே, ஒரு ரிஃபைனரி ஷேர் வாங்கினேன். போனஸ் பணம் ஒன்றரை லட்சம். இப்ப தொண்ணூறாயிரம்தான் நிக்குது. ஆனா பிளான்ட் நூறு பர்சன்ட் கெபாசிட்டியில ஓடுதுன்னு டெலிகிராம் குரூப்ல போட்டிருக்காங்க. அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற எஃப்டியை உடைச்சு, இன்னொரு லட்சத்துக்கு வாங்கி ஆவரேஜ் பண்ணிரவா?"

எந்த ஷேர்ங்கிறது இங்க முக்கியம் இல்லை. "ஃபுல் கெபாசிட்டி, அதனால நல்ல லாபம்" அப்படிங்கிற கணக்குதான் முக்கியம். அது சரியான்னு, நமக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு ரிஃபைனரியை வச்சே பார்ப்போம் வாங்க.

மணலியில என்ன நடக்குது?

சென்னை மணலியில இருக்கிறது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமா சிபிசிஎல். 1965-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்ங்கிற பேர்ல, இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூணும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. 1969-ல உற்பத்தி தொடங்கினப்ப கெபாசிட்டி வருஷத்துக்கு 25 லட்சம் டன். இன்னைக்கு 1.05 கோடி டன். இப்போ இது இந்தியன் ஆயிலோட துணை நிறுவனம்.

1.05 கோடி டன்னுன்னா எவ்வளவு? ஒரு டன் கச்சா எண்ணெய் ஏறக்குறைய 7.3 பேரல். ஒரு பேரல் 159 லிட்டர். கணக்குப் போட்டா தினமும் சுமார் 2.1 லட்சம் பேரல், அதாவது மூணு கோடி லிட்டருக்கும் மேல!

கச்சா எண்ணெய் கப்பல்ல சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, குழாய் வழியா மணலிக்குப் போகுது. அங்க அதை 350 டிகிரிக்கு மேல சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள்ள அனுப்புறாங்க. லேசான எல்பிஜி, நாஃப்தா எல்லாம் மேல பிரியும். மண்ணெண்ணெய், டீசல் நடுவுல. கனமான கசடு அடியில தங்கும். அந்தக் கசட்டையும் விடாம மறுபடி உடைச்சு டீசல் மாதிரி விலை போற சரக்கா மாத்துறதுக்குத் தனி யூனிட்கள் இருக்கு.

கெபாசிட்டிங்கிறது இவ்வளவுதான்: வருஷத்துக்கு எவ்வளவு கச்சா எண்ணெயை உள்ள விட முடியும்ங்கிற அளவு. அதுல எவ்வளவு காசு மிஞ்சும்னு அது சொல்லாது.

தென்காசி ஆயில் மில் கணக்கு

வீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வாங்க, திரும்பி வர்ற வழியில தென்காசியில ஒரு மில்லுல நிறுத்தினோம். மில் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அங்கேயே தம்பிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

100 கிலோ கொப்பரை, கிலோ 150 ரூபாய்: செலவு 15,000.
62 கிலோ எண்ணெய், கிலோ 240: வரவு 14,880.
35 கிலோ புண்ணாக்கு, கிலோ 30: வரவு 1,050.

மொத்த வரவு 15,930. மிச்சம் 930 ரூபாய். இதுலதான் கரண்ட் பில், கூலி எல்லாம் கொடுக்கணும்.

இப்போ கொப்பரை மட்டும் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறுதுன்னு வச்சுக்கோங்க. எண்ணெய் விலை அப்படியே இருக்கு. செலவு 16,000, வரவு 15,930. 70 ரூபாய் நஷ்டம்! மில் அதே மில்தான், கெபாசிட்டியும் அதேதான். ராப்பகலா ஓட்டினா நஷ்டம்தான் கூடும்.

ரிஃபைனரியும் இதே கதைதான். கொப்பரைக்குப் பதிலா கச்சா எண்ணெய். எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் பதிலா பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், கோக். ஒரு பேரலுக்குக் கிடைக்கிற சரக்கோட மொத்த மதிப்புக்கும், அந்தப் பேரலோட வாங்கின விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஜிஆர்எம், அதாவது மொத்த சுத்திகரிப்பு மார்ஜின்னு சொல்றாங்க.

இப்போ நிஜ நம்பர்கள்

சிபிசிஎல் நாலு வருஷத்துல எவ்வளவு கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சது, என்ன லாபம் வந்தது? எல்லாமே ரவுண்டான எண்கள்.

2019-20: 1.02 கோடி டன், சுமார் 2,000 கோடி ரூபாய் நஷ்டம்
2022-23: 1.13 கோடி டன், சுமார் 3,500 கோடி லாபம்
2023-24: 1.16 கோடி டன், சுமார் 2,700 கோடி லாபம்
2024-25: 1.05 கோடி டன், 200 கோடி அளவுக்கு லாபம்

முதல் வரியையும் கடைசி வரியையும் இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு வருஷமும் பிளான்ட் கிட்டத்தட்ட ஃபுல்லாத்தான் ஓடியிருக்கு. அதே மாதிரி, 2023-24-ல முந்தின வருஷத்தை விட அதிகமா ஓட்டியும் லாபம் குறைஞ்சிருக்கு.

2024-25-ல என்ன ஆச்சு? ஜிஆர்எம் பேரலுக்கு எட்டரை டாலர் அளவுல இருந்து நாலு டாலர் சுற்றுக்கு இறங்கிடுச்சு. ஃபுல் கெபாசிட்டின்னா வருஷத்துக்கு சுமார் 7.7 கோடி பேரல். டாலர் 85 ரூபாய்னு வச்சா, ஜிஆர்எம் ஒரே ஒரு டாலர் குறைஞ்சாலே வரிக்கு முன்னாடி 650 கோடி ரூபாய் போயிடும்!

2019-20 கதை கொஞ்சம் வேற. 2020 மார்ச்ல கொரோனாவால கச்சா எண்ணெய் விலை சரிஞ்சது. அதுக்கு முன்னாடியே பழைய விலையில வாங்கி டேங்க்ல வச்சிருந்த சரக்கோட மதிப்பும் சேர்ந்து இறங்கிச்சு. மில்லுக்காரர் குடோன் நிறைய கொப்பரை வாங்கிப் போட்ட மறுநாள் விலை விழுந்தா என்ன ஆகும்? அதேதான்.

2022-23-ல நல்ல லாபம் வந்ததுக்கும் கெபாசிட்டி காரணம் இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு உலகம் முழுக்க டீசலுக்குத் தட்டுப்பாடு வந்து, மார்ஜின் விரிஞ்சதுதான் காரணம்.

டிவிடெண்ட் பொறி

2023-24-க்கு இந்தக் கம்பெனி கொடுத்த டிவிடெண்ட் பங்குக்கு 55 ரூபாய். அடுத்த வருஷம்? 5 ரூபாய். "டிவிடெண்ட் யீல்ட் அதிகம்"னு ஆப்ல காட்டுறது போன வருஷக் கணக்கு. அதை ஃபிக்சட் டெபாசிட் வட்டி மாதிரி நம்பிடாதீங்க. அதுவும் போக, டிவிடெண்ட் உங்க சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப்படி வரிக்கு வரும்.

வாங்குறதுக்கு முன்னாடி இந்த நாலையும் பாருங்க

1. கடைசி ஒரு வருஷம் இல்லை, பத்து வருஷ லாபத்தைப் பாருங்க. அதுல நஷ்ட வருஷமும் இருக்கணும்.
2. காலாண்டு ரிசல்ட்ல கெபாசிட்டியை விட்டுட்டு ஜிஆர்எம் ஏறுதா இறங்குதான்னு பாருங்க.
3. பி/இ குறைவா இருந்தா உடனே "சீப்"னு முடிவு பண்ணாதீங்க. லாபம் உச்சத்துல இருக்கிறப்பதான் இந்த மாதிரி பங்குகளோட பி/இ ரொம்பக் குறைவாத் தெரியும்.
4. விரிவாக்கச் செய்தி வந்தா, கடன் எவ்வளவு, எப்ப முடியும்னு கேளுங்க. நாகப்பட்டினத்துல 90 லட்சம் டன் ரிஃபைனரிக்கு 2021-லயே அடிக்கல் நாட்டியாச்சு. அடிக்கல்லுக்கும் உற்பத்திக்கும் நடுவுல எத்தனையோ வருஷம் இருக்கு.

தம்பிக்கு என்ன சொன்னேன்?

எஃப்டியைத் தொடாதேன்னு சொன்னேன். ஆறு மாசச் செலவுக்கான பணம் அது. வேலை போனா வாடகையை டெலிகிராம் குரூப் கட்டாது.

கையில இருக்கிற பங்கை வைக்கிறதா விக்கிறதாங்கிறதை, "இன்னைக்குக் கையில தொண்ணூறாயிரம் கேஷ் இருந்தா இதையே வாங்குவேனா?"ன்னு கேட்டு முடிவு பண்ணச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பதில் சொல்லலை.

நஷ்டத்துல வித்தாலும் ஒரு விஷயம் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள வித்தா அது குறுகிய கால மூலதன நஷ்டம். அதை மத்த பங்குகள்ல வந்த மூலதன லாபத்தோட கழிச்சுக்கலாம், மிச்சத்தை அடுத்த எட்டு வருஷத்துக்குக் கொண்டு போகலாம். ஆனா ஐடி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணியிருக்கணும். லேட்டா போட்டா அந்தச் சலுகை போச்சு.

கடைசியா ஒண்ணு. சம்பளமும் கெபாசிட்டி மாதிரிதான். எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக்கி, லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி, 98 ஆயிரம் செலவு பண்ணா உங்க மார்ஜின் ரெண்டாயிரம்தான். இந்த மாசம் உங்க ஜிஆர்எம் எவ்வளவுன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

(இது புரிதலுக்காக மட்டும் எழுதினது. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்ற பரிந்துரை இல்லை. ரிசல்ட்ல ஜிஆர்எம் எங்க இருக்கும், எப்படிப் படிக்கணும்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோல பார்ப்போம்.)