அமெரிக்கப் படையில் லத்தீனோக்கள்: கோப்பில் இல்லாத கணக்கை குரலில் தேடியது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவுக்காகப் போரிட்ட லத்தீனோக்கள் எத்தனை பேர்? இன்றுவரை ஒற்றைப் பதில் கிடையாது. இரண்டரை லட்சம் என்பார்கள், ஐந்து லட்சம் என்பார்கள். அப்படியே இரண்டு மடங்கு வித்தியாசம்!

காரணம் சிம்பிள். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து போன சுமார் 65,000 பேருக்குக் கணக்கு இருக்கிறது. மெக்சிகோ வம்சாவளியினர் உள்ளிட்ட மற்றவர்களில் பெரும்பாலானோரை 'வெள்ளையர்' என்றே படிவத்தில் எழுதிவிட்டார்கள். சரி, வெள்ளையர் என்றால் அந்த மரியாதை கிடைத்ததா? அதுவும் இல்லை. பிலிப்பைன்ஸில் உயிரிழந்த வீரர் ஃபெலிக்ஸ் லாங்கோரியாவின் உடல் 1949ல் டெக்சாஸுக்கு வந்தபோது, சொந்த ஊரின் இறுதிச்சடங்குக் கூடத்தில் வைக்க அனுமதி மறுக்கப்பட்டது. செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்ட பிறகு, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தச் சம்பவம் செய்தியானதால் நமக்குத் தெரிகிறது. செய்தியாகாதவை?

அதைத் தேடித்தான் 1999ல் டெக்சாஸ் பல்கலைக்கழக (ஆஸ்டின்) இதழியல் பேராசிரியர் மேகி ரிவாஸ்-ரோட்ரிகஸ் கேமராவோடு இறங்கினார். 1943ல் 20 வயதாக இருந்தவருக்கு அப்போதே 76 வயது. தாமதிக்க நேரமில்லை. 'வோசஸ்' (ஸ்பானிஷில் 'குரல்கள்') என்று இன்று அழைக்கப்படும் திட்டம் அதுதான்.

மைக்கை நீட்டினால் போதுமா?

போதாது. ஊர், குடும்பம், பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டால்தான் போர் புரியும். வீட்டிலிருந்த பெண்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்பதும் வரலாறுதான். பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். ஞாபகம் தடுமாறும், தேதி மாறும். அதனால் படை விடுவிப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மொழியிலும் சிக்கல் உண்டு. பள்ளியில் ஸ்பானிஷ் பேசி அடி வாங்கிய பலர், பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே வளர்த்துவிட்டார்கள். தாத்தா தன் மொழியில் சொல்வது பேரனுக்கே புரியாது. எழுத்தாக்கமும் மொழிபெயர்ப்பும் வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த உழைப்பு கைகொடுத்த தருணம் 2007ல் வந்தது. கென் பர்ன்ஸ் இயக்கிய 'தி வார்' ஆவணத் தொடர், பிபிஎஸ் தொலைக்காட்சிக்காகத் தயாரானது. ஏழு பகுதிகள். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு லத்தீனோகூட இல்லை. இத்தனைக்கும் படத்தின் நான்கு ஊர்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ! ரிவாஸ்-ரோட்ரிகஸும் மற்றவர்களும் 'டிஃபெண்ட் தி ஹானர்' என்ற பெயரில் போராட்டத்தில் இறங்கினார்கள். 'ஆள் கிடைக்கவில்லை' என்று சொல்லவே முடியாது. பதிவு செய்த பேட்டிகள் கைவசம் இருந்தன. கடைசியில் இரண்டு லத்தீனோ வீரர்களும் ஒரு பூர்வகுடி வீரரும் சேர்க்கப்பட்டார்கள். ஏற்கெனவே முடிந்திருந்த படத்தில், பகுதியின் இறுதியில் ஒட்டியதுபோல. முழு வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது.

போருக்குப் போகாதவர்கள் கதை என்ன?

1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களை 'பிராசெரோ' என்பார்கள். சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். எல்லையில் இவர்கள் மீது டிடிடி பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கூலியில் 10% பிடித்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். பலருக்கு அந்தப் பணம் வந்து சேரவே இல்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, அந்த முதியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து 'பிராசெரோ வரலாற்று ஆவணக்காப்பகம்' என்ற பெயரில் இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். கேட்கக் கட்டணம் கிடையாது.