ஷோகேஸில் நிற்கும் போர்தோ

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்பத்தூர் வீடுகளின் ஷோகேஸில் ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டிலைப் பார்க்கலாம். விமானத்தில் வருபவர் 2 லிட்டர் மது வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் அல்லவா, அந்தக் கணக்கில் வந்தது. ‘ஒயின் பழசாகப் பழசாகத்தானே சார் ருசி? கிடக்கட்டுமே’ என்றார் டீக்கடையில் நண்பர் ஒருவர்.

பாதி சரி. கையிலிருக்கும் டீயையே எடுத்துக்கொள்வோம். நெடுநேரம் கொதித்த டிக்காஷன் நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பைத் தருவது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் அதே சங்கதி உண்டு. பிரான்சின் போர்தோ வட்டாரத்து மெதோக் பகுதியில் கேபர்னே சோவினியோன் திராட்சையில் செய்யும் இளம் ஒயின் வாயையே உலர்த்திவிடும். வருடங்கள் போகப்போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, வண்டலாக அடியில் இறங்கும். ஒயின் மெத்தென்று ஆகும்.

நல்ல விளைச்சல் கண்ட 2005ஆம் ஆண்டு போர்தோ ஒன்று கிடைத்தால், முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மெல்ல ஒரு குடுவையில் ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கிளாஸில் கொஞ்சம் எடுத்து, வெள்ளைத்தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். ஓரம் ஊதாவாக இருந்தால் இளசு. செங்கல் நிறம் என்றால் முதிர்ந்துவிட்டது. முழுக்கப் பழுப்பு என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அடுத்து மூக்கு. முதிர்ந்த ஒயினில் புதுப்பழ வாசனை பின்வாங்கி, உலர்பழம், தோல், புகையிலை, ஈரமண், காளான் என்று ஒவ்வொன்றாக எழும். முதல்முறை முகர்பவர் கெட்டுப்போனதோ என்று முகம் சுளிப்பார். கெட்டதன் நாற்றம் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கோளாறு பெரும்பாலும் கார்க்கில். வினிகர் நெடி அடித்தால் கதை முடிந்தது.

வாயில் உடனே விழுங்காமல் நாலு பக்கமும் படரவிடுங்கள். புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை எதுவும் தனியே துருத்தக் கூடாது. விழுங்கிய பிறகும் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். லேபிளில் இருக்கும் 1855 தரவரிசைக்கு அல்ல. அது அன்றைய சந்தை விலையை ஒட்டிப் போட்ட பட்டியல்.

இனி நம் ஊர் வெயில். ஒயின் முதிர 12-14 டிகிரி குளுமையும் இருட்டும் வேண்டும். ஆவடியில் மே மாதம் 40 டிகிரி. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், காற்று நுழையும், உள்ளே இருப்பது வெந்த ஜாம் போல மணக்கும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் ஒயின் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அந்தக் காலத்து வியாபாரிகளும் இந்த வெயிலோடுதான் மல்லுக்கட்டியிருப்பார்கள். ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்பதும் பிரான்சின் கல்வீட்டு அறைக்குச் சொன்னது, அதாவது 16-18 டிகிரி. நம் கூடத்துக்கு அது பொருந்தாது.

உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. அப்படிப்பட்ட பாட்டில் என்றால் வந்த வாரமே திறந்துவிடுங்கள். முதிர்ந்ததுதான் வேண்டும் என்றால், வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் அங்கேயே முதிர்ந்ததை வாங்கிவரச் சொல்லுங்கள். பயணத்தில் வண்டல் கலங்கியிருக்கும். இரண்டு வாரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அசையாமல் கிடந்தால் தெளிந்துவிடும்.