பழைய காரை அன்-இன்ஸ்டால் செய்வது எப்படி?

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானை அழித்து விட்டால் புரோகிராமே போய்விட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐகான் வெறும் ஷார்ட்கட்தான். புரோகிராம் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ரிஜிஸ்ட்ரியிலும் அதன் பதிவுகள் இருக்கும். அடிக்கடி ரிப்பேர் ஆகும் பழைய காரை விற்பதும் இது போலத்தான். பணம் வாங்கி, சாவியைக் கொடுத்து, வண்டி தெருமுனை திரும்பியதும் தொல்லை விட்டது என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அரசின் ‘வாஹன்’ டேட்டாபேஸில் உங்கள் பெயர் இருக்கும் வரை அது உங்கள் கார்தான்.

கார் விற்பதற்கும் கம்ப்யூட்டர் இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விற்பதா வைத்துக் கொள்வதா என்று முடிவு செய்ய எக்செல் போதும். கோளாறு எங்கே என்று பார்க்க ஒரு ப்ளூடூத் கருவி இருக்கிறது. பெயர் மாற்றும் வேலை இண்டர்நெட்டில்தான் தொடங்குகிறது. எனவே இது நம் ஏரியாதான்!

முதலில் ஒரு எக்செல் ஷீட்

எங்கள் வீட்டுக் காரையே உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். 2010 செப்டம்பரில் அப்பா வாங்கிய சிறிய பெட்ரோல் கார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. எஞ்சின் பிழைத்துக் கொண்டது. ஆனால் அதன் பிறகு மாதம் ஒரு கோளாறு.

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, தேதி, செய்த வேலை, தொகை, வகை என்று நான்கு காலம்களை அமைத்துக் கொள்ளுங்கள். பில்கள் தொலைந்து போயிருந்தால் கவலை வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்த எஸ்.எம்.எஸ்.களும் யு.பி.ஐ. ஆப்பின் பழைய கணக்கும் முக்கால்வாசியைத் தந்துவிடும். இதில் ‘வகை’ என்ற காலம்தான் முக்கியம். டயர், பேட்டரி, பிரேக் பேட், ஆயில் போன்றவை எந்தக் காருக்கும் வரும் செலவு. அவற்றுக்குத் ‘தேய்மானம்’ என்று எழுதுங்கள். திடீரென்று கெட்டுப் போனவற்றுக்குக் ‘கோளாறு’ என்று எழுதுங்கள். பிறகு ஃபில்டர் போட்டு இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

2025 ஜூன் வரையிலான பன்னிரண்டு மாதங்களில் எங்கள் காருக்கு ஆன செலவு 61,300 ரூபாய். இதில் தேய்மானம் 17,300. மீதி 44,000 முழுவதும் கோளாறு. ஆல்டர்னேட்டர், ஃப்யூவல் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், இரண்டு முறை வயரிங்.

“போன மாசம்தானேடா ஆல்டர்னேட்டர் மாத்தினோம்? இப்போ வித்தா அந்தக் காசெல்லாம் வீணாப் போயிடுமே?” என்றார் அப்பா. பெரும்பாலான வீடுகளில் பழைய கார் நின்று கொண்டிருப்பதற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்பேன். செலவழித்த காசு விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. புது ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறது என்பதற்காக வாங்குபவர் விலையையும் ஏற்றித் தர மாட்டார். எனவே ஷீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது அடுத்த பன்னிரண்டு மாதங்களைத்தான்.

நாங்கள் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்குச் சுமார் 34,000. சர்வீஸ், தேய்மானம் 10,000. இன்சூரன்ஸ் 6,000. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. (20 ஆண்டுகள் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் இது 10,000 ஆனது.) அந்த 5,000-ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,000. ஆக, கோளாறே வராவிட்டாலும் 51,000.

அடுத்து, டாக்சி ஆப்பில் உள்ள எங்கள் பழைய பயண பில்களைக் கூட்டிப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 22 ரூபாய் வந்தது. அதே 4,000 கிலோமீட்டருக்கு 88,000.

இப்போது எக்செல்லில் டேட்டா மெனு சென்று, வாட்-இஃப் அனாலிசிஸ் கிளிக் செய்து ‘கோல் சீக்’ தேர்ந்தெடுங்கள். மொத்தச் செலவு 88,000 ஆக வேண்டுமானால் கோளாறுச் செலவு எவ்வளவு இருக்கலாம் என்று கேளுங்கள். எங்கள் ஷீட்டில் கிடைத்த விடை 37,000. அதற்குக் கீழே இருந்தால் கார் லாபம். மேலே போனால் டாக்சி லாபம். கணக்கு தெரிந்தவர்கள் கழித்தே இதைச் சொல்லிவிடலாம். ஆனால் பெட்ரோல் விலை, ஓடும் தூரம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்க்க கோல் சீக் வசதியாக இருக்கும்.

ரூபாயில் எழுத முடியாத ஒரு காலமும் உண்டு. ‘பாதியில் நின்ற நாள்’ என்று அதற்குப் பெயர் கொடுங்கள். எங்கள் ஷீட்டில் ஐந்து வரிகள். அதில் ஒன்று, முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை பிசியோதெரபிக்கு அழைத்துச் சென்றபோது மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றது. கணக்கைப் பார்த்துத் தயங்கிய அப்பா, இந்த வரியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

கோளாறு தொடருமா?

அடுத்த ஆண்டும் 44,000 ஆகும் என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் ஓபிடி கருவி உதவுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் இதைச் செருகி, ப்ளூடூத் மூலம் மொபைலுடன் இணைத்தால், காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்துள்ள கோளாறுக் கோடுகளைப் படிக்கலாம். ஈ.எல்.எம்.327 என்று கேட்டு வாங்குங்கள். டார்க் போன்ற ஆப்கள் இதனுடன் வேலை செய்யும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 உண்டு. அதற்கு முந்தைய கார்களில் சிலவற்றில் மட்டுமே இணைப்பு கிடைக்கும். எங்கள் காரில் கிடைத்தது.

பி0300 என்று வந்தால் எஞ்சினின் சிலிண்டர்களில் எரிதல் சரியில்லை என்று பொருள். பி0420 என்றால் சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திறன் இழந்திருக்கிறது. இது விலை அதிகமான பாகம். நான் அதிகம் கவனித்தது கோடுகளை அல்ல, வோல்டேஜை. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் பதிமூன்றரை முதல் பதினான்கரை வோல்ட் இருக்கும். புது ஆல்டர்னேட்டர் போட்ட எங்கள் காரிலோ ஹெட்லைட்டைப் போட்டதும் பன்னிரண்டரைக்கு இறங்கி, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி ஆடியது. ஆக, தவறு ஆல்டர்னேட்டரில் இல்லை. வெள்ளத்தில் நனைந்த கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. பாகத்தை மட்டும் மாற்றிக் கொண்டே போனால் அடுத்த ஆண்டும் இதே பில்தான். விற்பது என்று முடிவாயிற்று.

ஒரு எச்சரிக்கை. இதே ஆப்பில் கோளாறுக் கோடுகளை அழிக்கும் பட்டனும் இருக்கிறது. விற்பதற்கு முன் அதை அழுத்திவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சில நாட்களில் எஞ்சின் விளக்கு மீண்டும் எரியும். விவரம் தெரிந்தவர் கருவியைச் செருகினால், சமீபத்தில் அழிக்கப்பட்டது என்பதையும் கண்டுபிடித்து விடுவார்.

யாருக்குக் கொடுப்பது?

புதிய கார் வாங்கினால் டீலரிடம் எக்ஸ்சேஞ்ச் செய்யலாம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று பெரிய எழுத்தில் காட்டுவார்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதிய காருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று முதலில் கேட்டு விட்டு, பழைய காருக்குத் தரும் விலையைத் தனியாக எழுதிப் பாருங்கள். எங்களுக்கு 55,000 என்றார்கள். புதிய கார் வாங்கும் எண்ணம் இல்லாததால் அந்த வழி அடைபட்டது. ஆன்லைனில் பழைய கார் வாங்கும் கம்பெனி ஒன்று வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோதித்து 49,000 தருவதாகச் சொன்னது.

சித்தப்பாவின் நண்பர் ஒருவர் 70,000 தருவதாகச் சொன்னார். பாதி இப்போது, பாதி தீபாவளிக்கு. “பேரை அப்புறம் மாத்திக்கலாம் சார், நமக்குள்ள என்ன?” என்றார். அப்பாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. தெரிந்த மனிதர், விலையும் அதிகம். எனக்குத்தான் அந்த ‘அப்புறம்’ உறுத்தியது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை அப்பாவிடம் காட்டினேன். ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். அது பல கை மாறியது. யாரும் பெயரை மாற்றவில்லை. 2009-ல் விபத்து நடந்து உயிர் போனது. அப்போது காரை வைத்திருந்தவர் வேறு ஒருவர். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், எனவே இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்று இரண்டு ஆண்டுகள் ஆன கார்! விபத்து வரை போக வேண்டாம், போக்குவரத்து அபராதச் செலான்கள்கூட டேட்டாபேஸில் உள்ள பெயருக்குத்தான் வரும்.

பழைய கார் கம்பெனிகளிடம் கொடுத்தாலும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் அடுத்த வாடிக்கையாளர் கிடைக்கும் வரை பெயரை மாற்ற மாட்டார்கள். இதற்காக 2023 ஏப்ரல் முதல் ஒரு விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்தால், அது முதல் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். டீலரிடம் அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா, 29சி தருவாரா என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கார் ஓட்டவே லாயக்கில்லை என்றால் ஸ்கிராப்தான். சென்னையில் பழைய வண்டி என்றாலே புதுப்பேட்டை நினைவுக்கு வரும். ஆனால் 2021-ல் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையம் மட்டுமே ‘டெபாசிட் சான்றிதழ்’ தர முடியும். இதைக் காட்டினால் புதிய கார் வாங்கும்போது பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். இரும்பு விலை சற்றுக் குறைந்தாலும், பதிவு ரத்தாகி உங்கள் பெயர் நீங்குவதற்கு இது நேரான வழி. 15 ஆண்டு ஆனாலே தமிழ்நாட்டில் ஸ்கிராப் செய்தாக வேண்டும் என்பது மட்டும் தவறான செய்தி. தகுதிச் சோதனையில் தேறி, பசுமை வரி கட்டினால் புதுப்பிக்கலாம்.

கடைசியில் எங்கள் கார் அடுத்த தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் போனது. விலை 58,000. வயரிங் முழுவதையும் தானே மாற்றிக் கொள்வதாகச் சொன்னார். எக்செல் ஷீட்டையும் ஓபிடி விவரங்களையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்து விட்டு இரண்டாயிரம் குறைத்தார், அவ்வளவுதான். 70,000-ஐ விட இது 12,000 குறைவு. சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

இது 2025 ஜூலையில் நடந்தது. அந்த செப்டம்பர் 22 முதல் சிறிய புதிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. எனவே அதற்கு முந்தைய விளம்பர விலைகளைப் பார்த்து உங்கள் காருக்கு விலை வைக்காதீர்கள். பதிவு முடிய இருக்கும் கார் என்றால், முடிவதற்குள் விற்று விடுவது நல்லது.

பெயர் மாற்றம்

பரிவாஹன் இணைய தளத்தில் வாகன எண்ணைக் கொடுத்து உள்ளே செல்லுங்கள். ஓ.டி.பி. அந்த வாகனப் பதிவில் உள்ள மொபைல் எண்ணுக்குத்தான் வரும். பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த எண் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். செலான் பாக்கி இருந்தால் கட்டி விடுங்கள். கார் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும்.

விற்பனைக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் பார்த்துக் கொள்வார் என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே உடன் இருந்து நிரப்பி, கட்டணம் கட்டிய ரசீது வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், இருவர் கையெழுத்து கொண்ட டெலிவரி நோட் ஒன்றும், வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் உங்களிடம் இருக்கட்டும். சில நாட்கள் கழித்து எம்-பரிவாஹன் ஆப்பில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் அது உங்கள் பெயரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மீதி இருப்பவை

நோ கிளெய்ம் போனஸ் காருக்கு அல்ல, உங்களுக்கு உரியது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு 50 சதவீதம் வரை கிடைக்கும். ஃபாஸ்டேக்கை மூட மறந்தால் அவர் கடக்கும் சுங்கச் சாவடிக்கு உங்கள் கணக்கில் பணம் போகும்.

கடைசியாக, காரில் டச் ஸ்கிரீன் இருந்தால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ப்ளூடூத்தில் இணைத்த போனின் காண்டாக்ட் லிஸ்ட், பேசிய எண்கள், மேப்பில் ‘ஹோம்’ என்று சேமித்த வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கும். செட்டிங்ஸ் சென்று ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். மொபைல் ஆப் மூலம் கதவைத் திறக்கும் வசதி உள்ள கார்களில், ஆப்பில் இருந்தும் காரை நீக்குங்கள். டேஷ் கேமராவின் மெமரி கார்டு, மியூசிக் சிஸ்டத்தில் செருகிய பென் டிரைவ் இரண்டையும் எடுத்து விட்டுச் சாவியைக் கொடுங்கள்.