தறி இருந்த இடத்தில் பூல் டேபிள்... எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

பழைய தமிழ் சினிமாவில் ஒரு காட்சி அடிக்கடி வரும். பெரிய பங்களா, பட்டு கவுன் போட்ட பணக்கார அப்பா, கையில் நீளக் குச்சி. பச்சைத் துணி விரித்த மேஜையில் பந்தைத் தட்டிக்கொண்டே மகளின் காதலனை மிரட்டுவார். பில்லியர்ட்ஸ் என்றால் நம்மில் பலருக்கும் இன்றுவரை அந்த பங்களாதான் ஞாபகம் வரும்.

அதனால்தான் ஆரணியிலிருந்து அக்கா மகன் போன் செய்து, "மாமா, நம்ம தறிக்கூடத்துல பூல் ரூம் வெக்கலாம்னு இருக்கேன்" என்றபோது, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அடுத்த நிமிடமே அக்கா போனை வாங்கிவிட்டாள். "ஏன்டா தம்பி, நாலு தறி ஓடின இடம்டா அது. அங்க போய் சூதாட்டமா? ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்க? நீயே வந்து அவனுக்கு எடுத்துச் சொல்லு."

போனேன். எடுத்துச் சொல்லப் போனவன், இஞ்சி டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தேன். அந்த இரண்டு நாள்களில் தெரிந்துகொண்டது இது: எந்த டேபிளை வாங்குகிறோமோ, அதற்கேற்ற கூட்டம்தான் உள்ளே வரும். ஆகவே டேபிளைப் பார்ப்பதற்கு முன்பு ரூமையும், வரப்போகிற ஆளையும் பார்த்துவிட வேண்டும். சிறிய ஊர்களில் இப்படி ஒரு தொழில் தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஊட்டியில் எழுதிய விதிகள்

முதலில் அக்காவின் பயத்துக்கு வருவோம். இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று அவள் நினைத்திருந்தாள். ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான் என்றதும் நம்பவில்லை.

1875-ம் ஆண்டு, ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் விடுதியில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி ஏற்கெனவே இருந்த ஆட்டங்களோடு இன்னும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப்பார்த்தார். புதிதாகச் சேர்ந்த ராணுவ மாணவர்களைக் கேலியாக அழைக்கும் சொல் 'ஸ்னூக்கர்'. ஆட்டத்தில் சொதப்பிய ஒருவரை அப்படி அவர் கூப்பிட, அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. பிறகு அவர் ஊட்டிக்கு வந்தார். 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அதாவது, உலகம் முழுக்க ஆடும் ஒரு விளையாட்டுக்கு நம் தமிழ்நாட்டு மலையில்தான் சட்டம் எழுதினார்கள்.

1958-ல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். பிறகு மைக்கேல் ஃபெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசையாக உலக சாம்பியன்கள். 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றவர் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன்.

"பொண்ணா?" என்றாள் அக்கா. அதற்கப்புறம் கொஞ்சம் காது கொடுத்தாள்.

குச்சிக்கும் இடம் வேண்டும்

தறிக்கூடம் 40 அடி நீளம், 18 அடி அகலம். "தாராளமா நாலு டேபிள் போடலாம் மாமா" என்றான் அக்கா மகன். எல்லோரும் செய்யும் தவறு இது. டேபிளின் அளவை மட்டும் பார்ப்பார்கள். சுற்றிலும் நின்று குச்சியைப் பின்னால் இழுக்கும் இடத்தை மறந்துவிடுவார்கள்.

கியூ ஸ்டிக் ஏறக்குறைய 58 அங்குலம். ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. பந்து ஓரத்தில் ஒட்டி நிற்கும்போது அந்த முழு நீளமும் டேபிளுக்கு வெளியேதான் இருக்கும். ஆகவே ஆடும் பரப்பின் நீளத்தோடும் அகலத்தோடும் இரண்டு குச்சி நீளத்தைக் கூட்ட வேண்டும்.

8 அடி பூல் டேபிளின் ஆடும் பரப்பு 88-க்கு 44 அங்குலம். கணக்குப் போட்டால் 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம் இடம் தேவை. போட்டிகளுக்கான 9 அடி டேபிளின் பரப்பு 100-க்கு 50 அங்குலம். அதற்கு 18 அடிக்கு ஏறக்குறைய 14 அடி. முழு அளவு ஸ்னூக்கர் டேபிள், அதாவது 12-க்கு 6 என்று சொல்வது, 22 அடிக்கு 16 அடி இடத்தைக் கேட்கும்.

இப்போது 40-க்கு 18 கூடத்தில் இதைப் பொருத்திப் பார்த்தோம்.

8 அடி பூல் டேபிள்களைக் குறுக்காகப் போட்டால் மூன்று சரியாக அடங்கும். ஆனால், கல்லாப்பெட்டி வைக்கவோ, காத்திருப்பவர்கள் உட்காரவோ ஓர் அடிகூட மிஞ்சாது.

பின்பக்கம் ஒரு முழு ஸ்னூக்கர், முன்பக்கம் ஒரு பூல் என்று போட்டால், வாசலில் நாலரை அடிதான் மிஞ்சும்.

9 அடி டேபிளைக் குறுக்காகப் போட்டால் சுவருக்கும் குச்சிக்கும் இடையே இடைவெளியே இல்லை. சுவரில் ஒரு தூண் துருத்திக்கொண்டிருந்தால் போச்சு.

இரண்டு 8 அடி பூல் டேபிள் போட்டால், முன்னால் 13 அடிக்கு மேல் காலியாக இருக்கும்.

பேப்பரில் போட்ட கணக்கை நம்பாமல், பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் டேபிள் அளவுக்கு விரித்தோம். 58 அங்குலத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, நான்கு பக்கமும் குனிந்து ஆடுவதுபோல் நடித்துப் பார்த்தோம். இரண்டு டேபிளிலும் ஒரே நேரத்தில் ஆள் நின்றபோது நாங்கள் இருவரும் முதுகில் இடித்துக்கொண்டோம். செலவில்லாத சோதனை இது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கட்டாயம் செய்யுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் யார் வருவார்?

அக்கா மகனின் ஆசை முழுக்க ஸ்னூக்கர் மேல்தான். வேலூரில் படித்த காலத்தில் பழகியது. 22 பந்துகள், அதிகபட்சமாக 147 புள்ளிகள் என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். ஸ்னூக்கர் டேபிள் வாங்கினால் பில்லியர்ட்ஸுக்குத் தனி டேபிள் வேண்டாம், மூன்று பந்து போட்டு அதிலேயே ஆடலாம் என்பதும் உண்மைதான்.

ஆனால், ஆடப் போவது அவன் இல்லையே! ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தக் கடையிலும் கூட்டம் இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் யார் வருவார் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான். ஒரு பாவு அறுத்து, அடுத்த பாவு ஏறும்வரை சும்மா இருக்கும் நெசவாளர்கள். அரிசி ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள். பட்டுக் கடைப் பையன்கள். இவர்களில் பெரும்பாலானோர் இதுவரை கியூ ஸ்டிக்கைத் தொட்டதில்லை. ஆனால், கேரம் ஆடாதவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

உலக சாம்பியன் மரிய இருதயத்தைத் தந்த மாநிலம் இது. காயை எந்தக் கோணத்தில் தொட்டால் குழியில் விழும், கட்டையில் பட்டு எப்படித் திரும்பும் என்பதெல்லாம் நம் ஆள்களுக்குக் கைவந்த விஷயம். அந்தக் கணக்கோடு வருபவர் பூல் டேபிளில் முதல் நாளே இரண்டு பந்தாவது போட்டுவிடுவார். பூல் குழிகள் அகலமானவை. ஸ்னூக்கரில் டேபிள் பெரியது, பந்து சிறியது, குழியின் வாயும் குறுகியது. புதிதாக வருபவர் அரை மணி நேரம் நின்றும் ஒரு பந்துகூட விழாமல் முகம் சுருங்கிப் போவார். அவர் மறுபடியும் வருவாரா என்பது சந்தேகம்தான்.

காசுக் கணக்கையும் போட்டோம். ஒரு பேச்சுக்கு, பூலுக்கு மணிக்கு 120 ரூபாய், ஸ்னூக்கருக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பூலில் நான்கு பேர் ஜோடி சேர்ந்து ஆடினால் தலைக்கு 30 ரூபாய். ஸ்னூக்கரைப் பெரும்பாலும் இரண்டு பேர்தான் ஆடுவார்கள். தலைக்கு 100 ரூபாய். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவர் 30 ரூபாயை யோசிக்காமல் எடுப்பார். 100 ரூபாய்க்கு வீட்டை நினைத்துக்கொள்வார்.

கொரியாவிலும் வியட்நாமிலும் குழியே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் டேபிள்தான் பிரபலம். வீடியோவில் பார்த்துவிட்டு அதையும் கேட்டான். ஆடத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால்தான் அது ஓடும். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம்.

தரைக்குக் கீழே குழி

தறிக்கூடத்தில் வேறொரு சிக்கல். நான்கும் குழித்தறிகள். நெய்பவர் கால்வைக்க வெட்டிய குழிகளை, தறியை விற்றபோது மண் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். அந்த மண் இன்னும் இறுகவில்லை. தட்டினால் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது.

நல்ல டேபிளின் துணிக்கு அடியில் இருப்பது ஸ்லேட் கல். பூலுக்கு வழக்கமாக மூன்று பலகை, முழு ஸ்னூக்கருக்கு ஐந்து. முழு ஸ்னூக்கர் டேபிள் ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். எட்டுக் கால்களில் ஒன்று குழி இருந்த இடத்தில் நின்று, கொஞ்சம் இறங்கினாலும் போதும், மெதுவாகப் போகும் பந்து தானாக ஒரு பக்கம் வளையும். ஆடுபவர் முதலில் தன்னைத் திட்டுவார். பிறகு டேபிளைத் திட்டுவார். அப்புறம் வரமாட்டார். ஆகவே குழிகளைத் தோண்டி, கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்ப முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டோம். மாடியில் போட நினைப்பவர்கள் கட்டட இன்ஜினீயரைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

விலை மலிவு என்று ஸ்லேட்டுக்குப் பதில் மரத்தூள் பலகை போட்ட டேபிள்களும் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்தப் பலகை உப்பினால் சரிசெய்ய வழியே இல்லை. மழை நாளில் பாவு எப்படித் தொய்யும் என்று தெரிந்த வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்கா தடவிப் பார்த்த துணி

டேபிள் விற்பவர் இரண்டு துண்டுத் துணிகள் அனுப்பியிருந்தார். அக்கா இரண்டையும் கையில் வாங்கித் தடவினாள். "இது வெல்வெட் மாதிரி. இப்படித் தடவினா வழுக்குது, எதிர்ப்பக்கம் தடவினா பிடிக்குது. அது ரெண்டு பக்கமும் ஒண்ணாதான் இருக்கு" என்றாள்.

முதல் துண்டு ஸ்னூக்கர் துணி. கம்பளி நூலில் நெய்து, மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்த மெல்லிய ரோமம் விட்டிருப்பார்கள். அந்தத் திசையிலேயே பிரஷ் போட்டு, இஸ்திரியும் போட வேண்டும். ரோமத்துக்கு எதிராகப் போகும் பந்தின் போக்கே மாறும். இரண்டாவது பூல் துணி. கம்பளியோடு நைலான் கலந்தது, ரோமம் கிடையாது. பந்து வேகமாக ஓடும், பராமரிப்பும் குறைவு. தூசு தட்டினால் போதும்.

"அப்போ ரெண்டாவதுதான் நமக்குச் சரி. கம்பளிக்குப் பூச்சி வரும், ஈரம் ஏறும், தினம் இஸ்திரி எவன் போடுவான்?" என்றாள். பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரி. துணி விஷயத்தில் அவளோடு வாதாட முடியாது.

வாசல் பக்கம் ஒரு நாற்காலி

கடைசியில் முடிவானது இது. இரண்டு 8 அடி பூல் டேபிள், ஸ்லேட் போட்டது. முன்னால் மிஞ்சும் இடத்தில் இரண்டு கேரம் போர்டு, பெஞ்சு, கல்லாப்பெட்டி. தெருவிலிருந்து உள்ளே தெரியும்படி கண்ணாடிக் கதவு.

அக்கா போட்ட நிபந்தனைகள் தனி. பந்தயம் கட்டி ஆடக் கூடாது. புகை கூடாது. பள்ளிச் சீருடையில் யாரும் உள்ளே வரக் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. திறமையை மட்டும் நம்பிய ஆட்டத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால், டேபிள் மேல் பணம் வைத்துவிட்டால் அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. ஆகவே நகராட்சியிலும் காவல் நிலையத்திலும் என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் போர்டு மாட்ட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

அக்கா மகன் முகத்தில் மட்டும் தெளிவில்லை. "அப்போ ஸ்னூக்கர், மாமா?"

கான்கிரீட் எப்படியும் போடப்போகிறோம். பின்பக்கம் 22-க்கு 16 அடிக்கும் சேர்த்து, ஒரு டன்னுக்கு மேல் தாங்கும்படி இப்போதே போட்டுவிடச் சொன்னேன். பூல் டேபிள் இரண்டும் போட்ட காசை எடுத்துவிட்டு, ஊரில் பத்துப் பேராவது 'இன்னும் பெரிசா இல்லையா' என்று கேட்க ஆரம்பித்தால், அன்றைக்கு ஒரு பூல் டேபிளை எடுத்துவிட்டு ஸ்னூக்கர் வரட்டும். இப்போது செலவு கொஞ்சம் கூடும். ஆனால், பிறகு தரையை உடைக்க வேண்டாம்.

நான் கிளம்பிய அன்று கான்கிரீட் தண்ணீர் கட்டி நின்றது. வாசல் பக்கம், தெருவும் உள்ளே இரண்டு டேபிள் வரும் இடமும் சேர்ந்து தெரியும் ஓர் இடத்தில் அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இங்கதான் உக்காருவேன். எவன் காசு வெச்சு ஆடுறான்னு பாக்குறேன்" என்றாள்.

முன்பு அதே இடத்தில் உட்கார்ந்துதான் அவள் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தாள்.