எலிக்கு வலித்தால் எப்படித் தெரியும்?

ஆராய்ச்சிக்கூட எலிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "பாவம், வலியில் கத்துமே" என்போம். பெரும்பாலும் கத்தாது. அங்கே வேலை பார்க்கும் வெட்னரி டெக்னீஷியனுக்குத் தலைவலியே அதுதான்.

மருத்துவக் கல்லூரிகளில் 'அனிமல் ஹவுஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் என்றால், விலங்கைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவர். மயக்க மருந்து கொடுப்பது, வலிக்கு ஊசி போடுவது, எடை போடுவது, தினமும் ஒவ்வொரு கூண்டாகப் பார்ப்பது எல்லாம் டெக்னீஷியன் வேலை.

சரி, சுண்டெலி ஏன் சத்தம் காட்டுவதில்லை? பூனைக்கும் ஆந்தைக்கும் இரையாகிற பிராணி அது. நோஞ்சான் என்று காட்டிக்கொண்டால் முதலில் பிடிபடுவது அதுதான். போதாததற்கு, எலிகள் எழுப்பும் ஒலிகளில் பல நம் காதுக்கு எட்டாத அளவு கீச்சானவை. ஆக, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது" என்று நாம் நினைக்கும் எலிதான் ரொம்பக் கஷ்டப்படுகிற எலியாக இருக்கலாம்.

அப்போது எதைப் பார்ப்பது? முகத்தை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் 2010இல் இதற்கென்றே ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் கன்னமும் உப்பியிருக்கின்றனவா, காதும் மீசையும் எப்படி நிற்கின்றன என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட வேண்டும். ஆனால் எலி பகலில் தூங்கும் பிராணி. தூங்கும்போதும் கண் மூடித்தானே இருக்கும்? அதனால் தூங்குகிற எலிக்கு மதிப்பெண் கிடையாது.

முகத்தைவிட எனக்குப் பிடித்த சாட்சி, கூடு. கூண்டுக்குள் காகிதத் துணுக்குகளைப் போட்டால், நல்ல உடம்போடு இருக்கிற எலி ராத்திரியே அதைக் கடித்துக் கிழித்துக் கிண்ணம்போல் கூடு கட்டிவிடும். மறுநாள் காலையிலும் காகிதம் போட்டது போட்டபடி கிடக்க, எலி முடி சிலிர்த்து மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தால் ஏதோ சரியில்லை. கூண்டைத் திறக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். ஆள் வந்தது தெரிந்தால் அது சுதாரித்துக்கொள்ளும்.

மயக்கத்தில் வேறு கவலை. சுண்டெலியின் எடை ஏறக்குறைய 25 கிராம். அண்டாவில் இருக்கும் டீயைவிட டம்ளர் டீ சீக்கிரம் ஆறிவிடும் அல்லவா, அதுபோல இந்தச் சின்ன உடம்பும் வெகு வேகமாகச் சூட்டை இழக்கும். அடியில் சூடேற்றும் விரிப்பு வேண்டும். மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும் என்பதால், காய்ந்துவிடாமல் களிம்பும் தடவ வேண்டும்.

எந்தக் கட்டத்தில் சோதனையை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியிருப்பார்கள். எடை 20 சதவீதம் குறைந்தால் நிறுத்துவது என்பது பரவலாக உள்ள ஒரு வரம்பு. "இன்னும் இரண்டு நாள் தாங்கினால் என் வேலை முடிந்துவிடுமே" என்று ஆராய்ச்சியாளர் கெஞ்சுவது உண்டு. அந்த நேரத்தில் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, டெக்னீஷியன் தினமும் எழுதிவைத்த எடைக் குறிப்பைத்தான்.