ஒரு சொல், மூன்று பாடங்கள்

ஆனையூரில் எங்கள் தெருவிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கில அகராதியும் கையுமாக வந்தான். "சார், 'கஸ்ப்' என்றால் பல்லில் ஒரு பொருள், இதயத்தில் ஒரு பொருள், கணக்கில் ஒரு பொருள் போட்டிருக்கிறது. எது சரி?" என்று கேட்டான். மூன்றுமே சரிதான்! ஈட்டிமுனையைக் குறிக்கும் 'கஸ்பிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது.

முதலில் பல். நாக்கு நுனியால் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பாருங்கள். சிறு மேடுகள் தட்டுப்படுகின்றன அல்லவா? அவையே கஸ்புகள். கோரைப்பல்லில் ஒன்று, முன்கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் இரண்டு, பின்கடைவாய்ப் பல்லில் நான்கு அல்லது ஐந்து. மேற்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் பொருந்துவதால்தான் உணவு நன்கு அரைபடுகிறது.

அடுத்தது கணிதம். சைக்கிள் டயரில் ஒரு சிறு கல் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். சைக்கிள் நேராகச் செல்லும்போது அக்கல் காற்றில் வரையும் வளைகோடு, வரிசையாக நின்ற வளைவுகளைப் போலிருக்கும். இதற்குச் 'சைக்ளாய்டு' என்று பெயர். கல் தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் பூச்சியம். கீழ்நோக்கி வந்த கல் அங்கே கணநேரம் நின்று, மீண்டும் மேலெழுகிறது. ஆகவே அவ்விடத்தில் கோடு வளையாமல் கூராக முடிகிறது. அதுவே கணிதத்தின் கஸ்ப், அதாவது கூர்முனை. சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. என்றால், 220 செ.மீ.க்கு ஒரு கூர்முனை வரும். ஏன் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி இதயம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள வால்வில் இரண்டு கஸ்புகளும், வலப்புற வால்வில் மூன்றும் உள்ளன. தமிழில் இவற்றை 'இதழ்கள்' என்கிறோம். ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுப்பது இவற்றின் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சியைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்குச் சில வாரங்களில் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் வரலாம். இது ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. மூட்டுவலி தீர்ந்துவிடும், ஆனால் இதயத்தின் இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிவிடக்கூடும். அத்தகைய தொண்டை அழற்சிக்குத் தக்க காலத்தில் மருத்துவர் தரும் பெனிசிலின் மருந்து இதைத் தடுக்கும்.

கணக்கில் கூர்முனையைத் தவறவிட்டால் மதிப்பெண்தான் குறையும். காய்ச்சலோடு தொண்டை வலித்தால் மட்டும், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் வீட்டில் சொல்லிவிடுங்கள்.