இரவில் வரும் மீன் வேட்டைக்காரர்கள்

உங்கள் வீட்டுத் தோட்டக் குளத்தில் நேற்று மாலை எட்டுக் கோய் மீன்கள் இருந்தன. இன்று காலை ஆறுதான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரத்தமோ செதிலோ எங்கும் இல்லை. யாரைச் சந்தேகிப்பீர்கள்?

பாதி தின்ற மீன் கரையில் கிடந்தால் நீர்நாய் வந்திருக்கலாம். எந்தத் தடயமும் இல்லையென்றால், மீனை முழுதாக விழுங்கும் அல்லது தூக்கிச் செல்லும் பறவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரில் இரவு நேரத்தில் மீன் பிடிக்கும் பறவைகளில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, வக்கா எனப்படும் இராக்கொக்கு. சிவந்த பெரிய கண்களும் குட்டையான கால்களும் கொண்டது. குளக்கரையில் சிலைபோல் நின்று, மீன் அருகில் வந்ததும் அலகால் கொத்தும். இரண்டாவது, சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சாம்பல் நாரை. நீண்ட கால்களால் நீருக்குள் நடந்து சென்றும் வேட்டையாடும்.

மூன்றாவது, மீன் ஆந்தை. மரக்கிளையிலோ வேலியிலோ காத்திருந்து, நீர்மட்டத்துக்கு அருகே வரும் மீனைக் கால்நகங்களால் பற்றும். வழுக்கும் மீன் நழுவாதபடி அதன் பாதங்களில் முள் போன்ற செதில்கள் உள்ளன. மற்ற ஆந்தைகளைப்போல் ஓசையின்றிப் பறக்கும் சிறகமைப்பு இதற்கு இல்லை. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை எளிதில் கேட்காது என்பதால் அது தேவைப்படவும் இல்லை.

கோய் மீன் எளிதில் அகப்படுவது ஏன்? அதன் மூதாதையான கெண்டை மீனின் முதுகு பழுப்பு நிறம். மேலிருந்து பார்த்தால் சேற்றோடு கலந்துவிடும். ஜப்பானின் நீகாத்தா வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காக வெள்ளை, ஆரஞ்சு நிற மீன்களைத் தேர்ந்து வளர்த்தார்கள். அந்த அழகோடு மறைந்து வாழும் தன்மை போய்விட்டது. குளத்தருகே விடிய விடிய எரியும் விளக்கு, பறவையின் வேலையை இன்னும் சுலபமாக்குகிறது. முதலில் அதை அணையுங்கள்.

அடுத்து ஆழம். செங்குத்தான ஓரங்களும் 60 செ.மீட்டருக்கு மேல் ஆழமும் இருந்தால் நாரையால் உள்ளே இறங்கி நிற்க முடியாது. ஆழத்தைக் கண்ணால் கணிக்காதீர்கள். ஒளிவிலகலால், நேர் மேலிருந்து பார்க்கும்போது 60 செ.மீ. ஆழம் ஏறக்குறைய 45 செ.மீ. போலத் தோன்றும். குச்சியை விட்டு அளந்து பாருங்கள். அடியில் அகலமான மண்குழாய்களை வைத்தால், மீன்கள் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

நெகிழி நாரைப் பொம்மை வாங்கலாமா? சில நாள்களில் பறவை அதற்குப் பழகிவிடும். ஆபத்தில்லாத ஒன்று திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டால், விலங்குகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அசைவை உணர்ந்து தண்ணீர் பீய்ச்சும் கருவி அதைவிட நல்லது. உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை உணர்வதால் அது இருட்டிலும் இயங்கும். ஆனாலும் அவ்வப்போது அதை இடம் மாற்றி வையுங்கள்.

மிகவும் நம்பகமானது வலை. ஆனால், தொய்வாகக் கிடக்கும் மெல்லிய நைலான் வலையில் பறவையும் பாம்பும் சிக்கி இறந்துவிடும். கண்கள் சிறியதாக உள்ள தடித்த வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நீர்மட்டத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். நீரை ஒட்டி இருந்தால், அலகு வலைக்குள் புகுந்து மீனை எட்டிவிடும்.

சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி, இந்தப் பறவைகளை அனுமதியின்றிப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். அவை திருட வரவில்லை. பசிக்கு இரை தேடி வருகின்றன. இன்று மாலை குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பறவை எங்கே நிற்கும்? எங்கே காத்திருக்கும்? எந்த வெளிச்சத்தில் மீனைப் பார்க்கும்? விடை தெரிந்தால், மீனையும் காக்கலாம்; பறவைக்கும் தீங்கு வராது.